வெளிச்சம் யாருக்குச் சொந்தம்?

யாத்திராகமம் 34-இல் மோசே சீனாய் மலையிலிருந்து கற்பலகைகளோடு இறங்கி வருகிறார். முகம் பிரகாசிக்கிறது, ஆனால் அது அவருக்கே தெரியாது. ஜனங்கள் பயந்து விலகுவதைப் பார்த்த பிறகுதான் பேச்சுவார்த்தை, அப்புறம் முக்காடு. பழைய யூத எழுத்துகளில் ஒளியைப் பற்றி வரும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தத் "தெரியாது" என்பதற்காகவே.

இனி ஏனோக்கு. ஆதியாகமத்தில் அவருக்குச் சில வசனங்கள்தான். தேவன் எடுத்துக்கொண்டார், கதை முடிந்தது. பின்னால் வந்தவர்கள் சும்மா விடுவார்களா? ஸ்லாவோனிய மொழியில் தப்பிப் பிழைத்த 2 ஏனோக்கில் மிகாவேல் தூதன் அவருடைய மண்ணுலக உடையைக் கழற்றி, சூரியக் கதிர்போல மின்னும் எண்ணெயைப் பூசுகிறான். ஏனோக்கும் தூதர்களில் ஒருவர்போல ஆகிவிடுகிறார். பூமிக்குத் திரும்ப அனுப்பும்முன் பனிபோன்ற ஒரு தூதன் அவர் முகத்தைக் குளிரவைக்கிறான், இல்லாவிட்டால் மனுஷர் யாரும் அதைப் பார்க்க முடியாதாம். அங்கே முக்காடு, இங்கே பனி. மோசேக்கு முகம் மட்டும், ஏனோக்குக்கு உடம்பு முழுக்க! சட்டம் தந்தவர் பெரியவரா, வானத்து ரகசியம் கண்டவர் பெரியவரா என்ற போட்டி இது என்கிறார் ஆய்வாளர் ஆந்திரேய் ஓர்லோவ். சரியாகத்தான் படுகிறது. ஆனால் கதையாகப் பார்த்தால் ஏனோக்கு தோற்கிறார். எல்லாமே சடங்குபோல நடக்கிறது, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நோவாவின் பிறப்பு இதைவிட சுவாரஸ்யம். 1 ஏனோக்கு 106-இல் குழந்தை கண் திறந்ததும் வீடே சூரியன்போல ஒளிர்கிறது. அப்பா லாமேக்குக்குச் சந்தோஷம் இல்லை, சந்தேகம்! இது என் பிள்ளையா, வானத்துத் தூதர்களின் பிள்ளையா? கும்ரான் குகையில் கிடைத்த அரமேயச் சுருளில் மனைவி பித்தேனோஷ் சத்தியம் பண்ணி அழ வேண்டியிருக்கிறது. ஒளி என்றால் எப்போதும் நல்லது என்று இவர்கள் நினைக்கவில்லை.

பாபிலோனிய தல்மூதில் (சோத்தா 12அ) அதே காட்சி மோசேக்கு வந்துவிடுகிறது: அவர் பிறந்தபோது வீடு முழுக்க வெளிச்சம். ஆதாரம் ஒரே சொல். தாய் குழந்தையைக் கண்டது "தோவ்", அதாவது நல்லது. ஆதியாகமம் 1:4-இல் வெளிச்சத்துக்கும் அதே சொல்தான். சந்தேகம் மட்டும் காணாமல் போய்விட்டது. எனக்கு அது நஷ்டம்தான்.

உபாகம ரப்பா 11:3-இல் மோசே ஆதாமிடமே வாதாடுகிறார்: உன் மகிமை பறிபோனது, என் முகத்தின் ஒளி இன்னும் என்னிடம் இருக்கிறது என்று. தன் முகம் ஒளிர்வதே தெரியாமல் மலையிறங்கிய மனுஷரா இப்படிப் பேசுகிறார்?