படைவீரன்: அளவும் உருவமும்

சிறிய உருவம் என்றால் சிறிய கலை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஐயனார் கோயில் மண்குதிரையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் விரல் நீளப் போர்வீரனைப் பற்றி எழுத மாட்டார்கள். விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். கணபதிப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் பேட்டர்ன் செய்யும் நண்பர் ஒருவர் பத்து மாதமாக ஒரே ஒரு வீரனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த பிறகு, எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருடைய வீரனின் உயரம் 54 மில்லிமீட்டர். இது லண்டனிலிருந்து வந்த அளவு. 1893இல் பிரிட்டன் என்ற பொம்மைக் கம்பெனி ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, மேல்தோல் இறுகியதும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டி, உள்ளே வெற்றான வீரர்களை மலிவாகச் செய்யத் தொடங்கியது. வங்காள, பம்பாய்ப் பட்டாளத்துக் குதிரைவீரர்களும் அந்த வரிசையில் வந்தார்கள். ஹெச். ஜி. வெல்ஸ் இந்தப் பொம்மைகளை வைத்து ஆடும் போருக்கு விதிகள் வகுத்து 1913இல் ஒரு புத்தகமே எழுதினார். மறு வருஷம் நிஜப்போர் வந்தது. நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் யானை, ஒட்டகம், குதிரைவீரன் என்று ஒரு குட்டிச் சேனையையே பித்தளையில் வார்த்திருக்கிறார்கள்.

நண்பர் வேலை செய்யும் முறை எளிமையானது. கம்பியில் எலும்புக்கூடு. அதன்மேல், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்க வாங்கும் எம்-சீல். இரண்டு பசைகளையும் பிசைந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். அதற்குள் கால் வளைவோ தோளோ வந்துவிட வேண்டும். பிடி போட்ட ஊசி, பல்குச்சி, ஈர விரல். இறுகிய பிறகு அரம், உப்புத்தாள். பிறகு மறுபடியும் ஒரு பொட்டுப் பசை.

சிக்கல் அளவில் இருக்கிறது. மனிதனை 32இல் ஒரு பங்காகக் குறைத்தால் தலை ஏழு மில்லிமீட்டர். ஈட்டிக் காம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கை பட்டால் ஒடியும். வேட்டித் துணியின் கனம் கண்ணுக்கே தெரியாது. கணக்குச் சரியாக இருந்தால் வீரன் இருக்க மாட்டான். ஆகவே காம்பைப் பருமனாக்க வேண்டும், மடிப்பை ஆழமாக்க வேண்டும், இமையின் கீழே நிழல் விழும்படி குடைய வேண்டும். இது நண்பருக்கு அதிர்ச்சி தரவில்லை. இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்து பழகியவர் அவர். பொருள் சரியாக வர வேண்டுமானால் தவறான அளவில் தொடங்க வேண்டும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். தகவல்கள் சரியாக இருந்துவிட்டால் நாவல் சரியாகிவிடும் என்று நம்பும் நம் சரித்திர நாவலாசிரியர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் எட்டவில்லை. அவர்களிடம் வாளின் கைப்பிடியில் எத்தனை கல் என்பது இருக்கிறது. வாளைப் பிடித்த கை இல்லை.

நான் இதற்கு நேர் எதிர்ப் பிழையைச் செய்தேன். முதல் உருவத்தின் முதுகில் அவருடைய விரல் ரேகை பதிந்திருந்தது. அதில்தான் உயிர் இருக்கிறது, தேய்க்காதீர்கள் என்றேன். புதுக்கவிதை படித்த பழக்கம். கரடுமுரடு என்றால் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். அவர் சிரித்தார். "அந்த ரேகையைப் பெருக்கிப் பாருங்க. அவன் முதுகுல கயிறு கயிறா தடிச்சுக் கெடக்கும். அது அவனோடது இல்லீங்க, என்னோடது." எனக்குப் பதில் இல்லை. எழுதுகிறவனின் கைரேகையைப் பாத்திரத்தின் தழும்பாக எண்ணிப் பாராட்டிய விமர்சனங்களை நானும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அவருடைய உண்மையான இடைஞ்சல் வேறு. அவர் செய்ய விரும்பியது ஓடாநிலையில் தீரன் சின்னமலையோடு நின்ற ஒரு ஈட்டிக்காரனை. கும்பினிச் சிப்பாயைச் செய்வதென்றால் சிவப்புச் சட்டையும் குறுக்கு வாரும் எழுத்தில் இருக்கின்றன, சித்திரத்தில் இருக்கின்றன. திப்புவின் காலாட்படையைச் செய்வதென்றால் புலிவரி போட்ட சட்டை உண்டு. 1791இல் கோயமுத்தூர்க் கோட்டையைக் காத்து நின்ற லெப்டினன்ட் சால்மர்ஸின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கோட்டை இருந்ததற்கு நமக்கு மிஞ்சியது கோட்டைமேடு என்ற பெயர். பாளையக்காரனுக்காக நின்ற குடியானவனை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட சின்னமலைக்கே பின்னால் வந்தவர்கள் கற்பித்த ராஜகோலம்தான் சிலையாக நிற்கிறது. தோற்றவனின் பொத்தான் கூட வென்றவனின் குறிப்பேட்டில் இருந்தால்தான் உண்டு. "மொகந் தெரியாத ஆளுக்கு எப்படீங்க மூக்கு வெக்கறது?" என்று நண்பர் கேட்டது தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

அவர் விடை தேடிப் போன இடம் புலிகுத்திக்கல். கொங்குநாட்டில் தோட்டத்து வரப்பிலும் ஊர்க்கோடியிலும் இரண்டடி, மூன்றடிக் கல்லாக நிற்பது. மாட்டையும் ஆட்டையும் காக்கப் புலியோடு பொருதவனின் நினைவு. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். புலி பின்னங்கால்களில் மனிதனைப் போல நிமிர்ந்து நிற்கும். எந்தப் புலியும் அப்படி நின்று குத்து வாங்காது. ஆனால் அந்தச் சிறு கல்லில் இருவரையும் சமமாக நிறுத்த அந்தச் சிற்பிக்கு வேறு வழியில்லை. புலியைச் சிறிதாக்கினால் வீரன் வேட்டைக்காரனாகிவிடுவான். 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்களில் ஊர், பேர், அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்துக் கற்கள் பலவற்றில் எழுத்தே இல்லை. பெயரும் இல்லாமல், சாயலும் இல்லாமல், ஒரு நிலை மட்டும் மிஞ்சியிருக்கிறது: இடது கால் ஊன்றி, இடுப்பு ஒடித்து, எதிரே வருவதை ஏற்றுக்கொண்ட நிலை.

நண்பர் அந்த நிலையை எடுத்துக்கொண்டார். முழங்காலுக்கு மேலே கட்டிய வேட்டி, சரிந்த கொண்டை, ஈட்டி. தெரியாததை அலங்காரத்தால் நிரப்பவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் இடது குதிகாலில் இறங்குவதை அந்த அளவில் காட்டியிருப்பது அபாரம். நம் மேடைச் சிலைகளில் இதை நான் பார்த்ததில்லை. எம்-சீல் தடவிய கம்பிக்குக் கனம் வந்துவிட்டது.

முகத்தில்தான் என் குறை. ஈட்டியைத் தூக்கிய கைக்குள் முகத்தைக் குனிய வைத்து நிழலில் மறைத்துவிட்டார். முகம் தெரியாது என்பதை நேர்மையாகச் சொல்லும் வழி அது என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது தப்பித்தலாகப் படுகிறது. கல் செய்த சிற்பிக்கும் செத்தவனின் முகச்சாயலைப் பிடிக்க வழியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்தான், அதற்குப் பொறுப்பேற்றான். நம் சரித்திரத்தில் பெயரில்லாதவர்களைப் பற்றி எழுதும்போது நாமும் 'மக்கள்' என்றும் 'கூட்டம்' என்றும் நிழலில் விட்டுவிட்டு நகர்கிறோம்.

இதை அவரிடமே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, முதல் வீரனை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். கழுத்து நேராக இருந்தது.