ரோஸி ஏன் டாக்டராக வேண்டும்?

பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994) பெண்சிசுக் கொலைக்கு எதிரான பிரதி என்றே இன்றும் வாசிக்கப்படுகிறது. குடும்பநலப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. எனக்கு அதில் நெருடுவது தப்பித்த குழந்தைதான். அப்பன் கொல்லச் சொன்ன சிசுவை வாத்தியார் எடுத்துப்போய் வளர்க்கிறார். அது ரோஸி என்கிற டாக்டராகத் திரும்பி வந்து, படுக்கையில் விழுந்த அதே அப்பனுக்கு வைத்தியம் பார்க்கிறது. கொல்லாமல் விட்டதற்கு லாபக்கணக்கு காட்டியாயிற்று. சரி, எட்டாவதில் ஃபெயிலாகி அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தால்? படம் அவளை என்ன செய்திருக்கும்?

கைவிடப்பட்ட ஆண்பிள்ளைக்கு நம் கதையாடல் மரபில் இந்தப் பரீட்சை கிடையாது. கர்ணனைத் தேடிக் குந்தியே வருகிறாள் (வரம் வாங்கத்தான் வருகிறாள், ஆனாலும் வருகிறாள்). 'தளபதி'யில் (1991) கூட்ஸ் வண்டியில் விட்ட மகனுக்காகத் தாய் காலமெல்லாம் அழுகிறாள். இவர்கள் விடப்பட்டது தாயின் மானத்துக்குப் பயந்து. அதனால் 'நான் யார் மகன்?' என்று கேட்டால் போதும். பெண்பிள்ளை கேட்க வேண்டியது 'நான் ஏன் வேண்டாம்?' என்று. இதற்கு நம்மிடம் காவியமும் இல்லை, சினிமாவும் இல்லை.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் எங்கள் தருமபுரிக்கு வந்தது. 2011இல் மேலும் சில மாவட்டங்களுக்கு விரிந்தது. அரசின் சொல்லாடலில் அந்தக் குழந்தைகள் 'காப்பாற்றப்பட்டவர்கள்' என்கிற எண்ணிக்கை. நம் கவிஞர்களும் லேசுப்பட்டவர்களில்லை. கள்ளிப்பால் கவிதையில் குழந்தை செத்தே ஆகவேண்டும். பிழைத்துப் பதினாறு வயதில் எதிரே நின்று கேள்வி கேட்டால், "பொழச்சியே, அது போதாதா?" என்று வாயை அடைத்துவிடுவோம்.

பதினெட்டு வயதானால் தத்துப்பிள்ளை தன் வேரைத் தேடலாம் என்று தத்தெடுப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் பெயர் கேட்காததுதானே தொட்டிலின் வசதி? கேட்டால் தாய் வரமாட்டாள். கேட்காவிட்டால் மகளுக்குத் திரும்பிப்போக வழியில்லை.

"யாரு வூட்டுப் பொண்ணு?" என்பது இங்கே குசலம் விசாரிப்பதல்ல, சாதி விசாரணை. 2012இல் ஒரு கலப்பு மணத்துக்காக நாயக்கன்கொட்டாய் பகுதியில் தலித் குடியிருப்புகளைக் கொளுத்திய மாவட்டம் இது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று விடுதியில் வளரும் பெண் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, காப்பார் யாருமின்றி, அங்கீகரிக்கப்பட்ட இல்லங்களில் வளரும் குழந்தைகள் என்று ஒரு பதிவு, மற்றச் சாதிகளோடு சாதியாக அங்கே இருக்கிறது.