விளிம்பு

வெள்ளி டம்ளரில் காப்பி சூடாக வந்தால் நடுவில் பிடிக்க முடியாது. உலோகங்களிலேயே சூட்டை வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல். கொதிக்கிற பானத்துக்கு இதைவிடப் பொருந்தாத உலோகம் கிடையாது. தஞ்சாவூர்க்காரர்கள் அதைத்தான் கல்யாணச் சீரில் வைத்தார்கள். வெறும் ஜம்பம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

டம்ளரின் வாயைக் கவனித்தபிறகு எண்ணம் மாறியது. நல்ல டம்ளரில் விளிம்பு வெளிப்புறமாக விரிந்து மடிந்திருக்கும். காப்பி அந்த மடிப்புவரை ஏறாது. அங்கே மட்டும் விரல் தாங்கும். எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கும்போது சிதறாமல் ஒரே தாரையாக விழச் செய்வதும் அதுதான். கைப்பிடி இல்லாத பாத்திரத்துக்குக் கைப்பிடியும் மூக்கும் அந்த ஒரு மடிப்பே.

சீனத் தேநீர் மேசையில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. பெயர் கைவான்: மூடி, கிண்ணம், அடித்தட்டு, மூன்றும் பீங்கான். அதற்கும் கைப்பிடி கிடையாது. வாய் பூவிதழ்போல் விரிந்திருக்கும்; கட்டைவிரலும் நடுவிரலும் அந்த விரிவைப் பிடிக்க, ஆள்காட்டி விரல் மூடியின் குமிழை அழுத்தும். விளிம்புவரை நீர் ஊற்றினீர்களோ, விரல் வெந்தது.

சீனர்களுக்கு வெள்ளி தெரியாமலில்லை. 1987இல் ஃபாமென் கோயிலின் நிலவறையைத் திறந்தபோது, டாங் காலத்து அரண்மனையின் பொன்முலாம் பூசிய வெள்ளிச் சாமான்கள் கிடைத்தன. தேயிலையைப் பொடிக்கும் கருவியும் சல்லடையும் அவற்றில் உண்டு. பிற்பாடு வாய்படும் கோப்பையைப் பெரும்பாலும் பீங்கானுக்கே விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை. சோழர் தூதர்கள் 1015இலேயே சீன அரசவைக்குப் போயிருக்கிறார்கள்; கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கிறது. ஆனாலும் நம் ஆசார வீடுகளில் பீங்கானுக்குக் கிடைத்த இடம் ஊறுகாய் ஜாடிதான். மண்ணில் எச்சில் பட்டால் போகாது, உலோகத்தைப் புளிபோட்டுத் தேய்த்தால் சுத்தம் என்பது கணக்கு.

தேநீருக்கென்றே தமிழ்நாட்டில் வெள்ளி வேலை நடந்ததும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் வெள்ளைக்காரர்களின் மேசைக்குச் செய்த கெண்டிகளும் பால் குவளைகளும் 'சுவாமி' வேலை என்று பெயர் பெற்றவை. உடம்பெங்கும் தெய்வங்கள் புடைத்து நிற்கும். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேநீர் ஊற்றும்போது பிள்ளையாரின் தும்பிக்கை உள்ளங்கையில் குத்துமே என்றுதான் எனக்குத் தோன்றும். தஞ்சாவூர்க் கலைத்தட்டில் வெள்ளி உருவங்கள் அப்படிப் புடைத்து நிற்பது வேறு விஷயம். அது சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டியது.

எங்கள் பாட்டியின் டபரா செட்டில் நகாசு என்று பார்த்தால் விளிம்புக்குக் கீழே ஒரு கொடி, அவ்வளவுதான். அடியில் புள்ளிபுள்ளியாக வெட்டிய பெயர். விபூதி போட்டுத் துடைத்துத் துடைத்துக் கொடியில் பாதி இலை உதிர்ந்துவிட்டது. டபராவின் வாய் டம்ளரைவிட நன்றாக அகலம். முழங்கை நீளத்துக்குத் தூக்கி ஆற்றினாலும் ஒரு சொட்டு வெளியே போகாது.

போன ஐப்பசியில் அதற்கு ஒரு ஜோடி வாங்கக் கும்பகோணத்தில் ஒரு கடையில் ஏறினேன். மயில் பொறித்த டம்ளரை எடுத்து வைத்தார்கள். விளிம்பு, மடிப்பே இல்லாமல் தகடாக நின்றது. வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்து காப்பியே வரவழைத்து மயிலில் ஊற்றி நீட்டினார், நீட்டிய வேகத்திலேயே கீழே வைத்தார்.

"சார், பழைய மாடல் ஒண்ணு உள்ளே இருக்கு" என்றார்.