பிறமொழியில் ஒலித்த நம் குரல்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பால்மரத் தோட்டங்கள் சூழ வளர்ந்த சிற்றூர் லூனாஸ். இங்கிருந்து பினாங்குத் தீவு நெடுந்தொலைவன்று. அத்தீவில் தோன்றி நாடெங்கும் புகழ்பெற்ற ஓர் இசைக்குழுவின் வரலாறு, தமிழாசிரியரும் மாணவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் முன்னின்று நடத்திய குழு 'அலிகேட்ஸ்'. 'சந்துப் பூனைகள்' என்பது அப்பெயரின் பொருள். 1960களில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் எழுப்பிய அலை நம் நாட்டு இளைஞர் கைகளில் கிட்டாரைத் தந்தது. 'பாப் யே யே' என்னும் மலாய் இசைவகையும் அவ்வலையில் பிறந்ததே. அலிகேட்ஸ் குழுவினர் ஹாங்காங் மேடைகளிலும் பாடித் தேர்ந்தனர். 1979இல் 'தெரிமா காசி' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. சிங்கப்பூரில் பிறந்த எம். நசீர் போன்றோர் மெட்டமைத்து உதவினர்.

இவர்தம் வெற்றிக்குக் காரணம் யாது? மேலைநாட்டுத் தாளத்தைக் கைக்கொண்டனர். ஆயினும் அதனை நகலெடுத்தாரல்லர். மலாய் மக்கள் உள்ளம் உருகும் இன்னிசையை அதனுள் வைத்தனர். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் தம்முடையதென்றே ஏற்குமாறு பாடினர். இது எளிய செயலன்று. குறையும் உண்டு. காதலும் பிரிவுமே மீண்டும் மீண்டும் பாடுபொருளாயின. தலைநகரைப் புன்னகைக்கச் சொல்லும் பாடல் உண்டு. இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோரின் வாழ்வை இவர்தம் புகழ்பெற்ற பாடல்களில் காணோம்.

எங்கள் தோட்டத்துத் திருமண வீடுகளில், திரைப்பாடல்களுக்கு இடையே இவர்கள் பாட்டு ஒலிக்கும்போது, "நம்ம பிள்ளைங்க பாடுறாங்க" என்று முதியோர் மகிழ்வர். அம்மகிழ்ச்சியில் ஒரு வெறுமையும் கலந்திருந்தது. குரல் நம்முடையது, சொல் நம்முடையதன்று.

தாய்மொழியை விடுத்துப் பாடினர் என்று இவர்களைப் பழிப்பாரும் உளர். அப்பழி பொருந்தாது. கலைஞன் தன் குரலைக் கேட்கும் செவிகளை நாடிச் செல்வான். அக்கிட்டார் இசைக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லை நம் கவிஞருள் எத்தனை பேர் எழுதிக் கொடுத்தோம்? மரபு தடுத்தது என்பதற்கும் இடமில்லை. புதுவதாகப் புனையும் யாப்பினை 'விருந்து' எனப் பெயரிட்டு எண்வகை வனப்பினுள் வைத்தவர் தொல்காப்பியர். விருந்தை வரவேற்கக் கற்ற மொழி, வாயிலில் வந்து நின்ற இசையை உள்ளே அழைக்கத் தயங்கியது ஏன்?

லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர் குரல் மலாய் வானொலியில் பலகாலம் வாழும். அதுபோன்றதொரு குரல் நாளை லூனாஸ் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்தும் எழலாம். அப்போது அதன் கையில் கொடுப்பதற்கு நல்ல தமிழ்ப்பாட்டு ஒன்று நம்மிடம் இருத்தல் வேண்டும். அதனை எழுதும் கடமை நம்முடையது.