எளிய கணக்கு என்பது எது? கார்ட்னரின் ஐங்கோணப் பத்தியை முன்வைத்து

போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் 'விளையாட்டாகக் கணிதம்' என்று பேசப் போயிருந்தேன். மனசுக்குள் ஒரு எண்ணை நினைச்சுக்கோங்க, இரண்டால் பெருக்குங்க, பத்தைக் கூட்டுங்க, பாதியாக்குங்க, முதலில் நினைத்த எண்ணைக் கழிச்சிடுங்க. ஐந்துதானே? கைத்தட்டல். அடுத்து மாயச் சதுரம். அதற்கும் கைத்தட்டல். முடிந்ததும் ஒரு பையன் ஓடி வந்து, "அடுத்த ட்ரிக் சொல்லுங்க சார்" என்றான். ஏன் எல்லோருக்கும் ஐந்தே வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்பதற்கு நான் இடமே வைக்கவில்லை.

கணக்கை எளிமையாக்குகிறேன் என்று வருகிற புத்தகங்களிலும் காணொளிகளிலும் பெரும்பாலானவை அன்று நான் செய்ததைத்தான் செய்கின்றன. கஷாயம் குடித்தால் கற்கண்டு. கற்கண்டு கணக்கில் இல்லை, கணக்கு முடிந்த பிறகு கிடைக்கிறது. அல்லது கஷாயமே இல்லாமல் வெறும் கற்கண்டு.

இந்த உறுத்தலோடு மார்ட்டின் கார்ட்னர் பக்கம் திரும்பினேன். சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 1957 முதல் கால் நூற்றாண்டு காலம் கணித விளையாட்டுப் பத்தி எழுதியவர். படித்தது தத்துவம். கல்லூரியில் கணிதம் படிக்காதவர். தனக்குப் புரிவதற்கே நாளாகும், அதனால்தான் மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்லித்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு இது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதிப் பாதி அவருடைய 1975 ஜூலைப் பத்தியில் இருக்கிறது.

அந்தப் பத்தியின் விஷயம், ஒரே வடிவ ஓடுகளால் இடைவெளியும் விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் தரையை நிரப்புவது. முக்கோணம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் நிரப்பும். நாற்கரமும் அப்படியே. நம்பிக்கையில்லாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கோணல்மாணலாக ஒரே அளவில் பத்து நாற்கரங்களாக வெட்டிப் பாருங்கள். நான்கு கோணங்களையும் கூட்டினால் 360 பாகை. அதனால் ஒரு புள்ளியைச் சுற்றி நான்கையும் ஆளுக்கொன்றாக வைத்தால் கச்சிதமாக அடைந்துவிடும். அறுகோணத்தில் மூன்று வகை மட்டுமே நிரப்பும். ஏழு பக்கமும் அதற்கு மேலும் போனால், உள்ளே மடங்காத குவி வடிவங்களில் ஒன்றுகூட நிரப்பாது. மிச்சம் இருப்பது ஐங்கோணம். அங்கேதான் வம்பு.

சம ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324, ஓட்டை விழுகிறது. நான்கைச் சேர்த்தால் 432, இடிக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைகள் வீடு வரைவார்களே, சதுரத்தின் மேல் முக்கோணக் கூரை, அந்த ஐங்கோணம் அழகாக நிரப்பும். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்தால் போதும். அப்படியானால் எவை நிரப்பும், எவை நிரப்பாது? 1918-ல் ரைன்ஹார்ட் ஐந்து வகைகளைச் சொன்னார். 1968-ல் கெர்ஷ்னர் இன்னும் மூன்றைச் சேர்த்து, எட்டுதான், பட்டியல் முடிந்தது என்றார். நிரூபணம் மிக நீளம் என்பதால் கட்டுரையில் சேர்க்கவில்லை. கார்ட்னர் அந்த எட்டையும் அப்படியே பத்தியில் கொடுத்தார்.

பட்டியல் தப்பு.

ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற கணினிக்காரர் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் தானே முயன்று பார்த்தார். அதில் இல்லாத ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் பத்தியில் கார்ட்னர் அதை வெளியிட்டார். அடுத்து வந்தவர் மார்ஜரி ரைஸ். சான் டியாகோவில் ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த குடும்பத் தலைவி. உயர்நிலைப் பள்ளிக் கணக்கோடு சரி. இதழ் வீட்டுக்கு வந்ததே மகனுக்குக் கட்டிய சந்தாவில். சமையலறை மேடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படம் போடுவார், யாராவது வந்தால் மூடி வைத்துவிடுவார். கோணங்களையும் பக்கங்களையும் குறிக்கத் தானே ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கிக்கொண்டார். கார்ட்னர் அந்தத் தாள்களை டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதவியலாளருக்கு அனுப்பினார். அவருக்கு முதலில் அது சித்திர எழுத்து மாதிரி இருந்ததாம். உட்கார்ந்து படித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. 1977-க்குள் ரைஸ் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்திருந்தார். பதினான்காவது 1985-ல் வந்தது, பதினைந்தாவது 2015-ல். அதோடு முடிந்தது என்று 2017-ல் மிக்கேல் ராவ் கணினி உதவியுடன் ஒரு நிரூபணத்தை அறிவித்தார். ரைஸ் காலமானதும் அதே ஆண்டுதான்.

இந்தக் கதையை 'இல்லத்தரசியின் சாதனை' என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கேட்க வேண்டியது, பத்தியில் எது அவரை உட்கார வைத்தது என்பது. தந்திரமும் வேடிக்கைக் கதையும் எங்கள் மேடைகளில் ஏராளம், அவை யாரையும் இரண்டு வருஷம் உட்கார வைத்ததில்லை. கேள்வி ஒரே வாக்கியத்தில் அடங்குகிறது. எது விடை, எது விடையில்லை என்பதைச் சரிபார்க்கப் பேராசிரியர் வேண்டாம், தாளில் வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் மேல், கார்ட்னர் பட்டியலை மறைக்காமல் நிபந்தனைகளோடு முழுசாகக் கொடுத்தார். இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சேர்ந்து 180, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம் என்று ஒவ்வொரு வகைக்கும். 'பொது வாசகருக்கு இது எதற்கு' என்று யாராவது அதை வெட்டியிருந்தால், தன் ஐங்கோணம் புதிதா பழையதா என்று ரைஸால் சொல்லியிருக்கவே முடியாது. இன்றைக்கு எளிமை என்ற பெயரில் முதலில் கத்திரிக்கோல் விழுவது சரியாக அந்த இடத்தில்தான்.

கார்ட்னரைத் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அவருடைய குட்டிப் புதிர்கள் பல, விடை தெரிந்ததும் செத்துப்போகிற ரகம். 1959-ல் ஒரு கேள்வி போட்டார்: ஒருவருக்கு இரண்டு குழந்தைகள், ஒன்றாவது ஆண், இரண்டுமே ஆணாக இருக்க வாய்ப்பு என்ன? மூன்றில் ஒன்று என்றார். அந்த 'ஒன்றாவது ஆண்' என்ற தகவல் எப்படிக் கிடைத்தது என்பதைப் பொறுத்து விடை பாதி என்றும் வரும் என்பதைப் பிறகு ஒப்புக்கொண்டார். ஐங்கோணப் பத்தியிலும் 'முடிந்தது' என்று நம்பியது அவர் பிழைதான். ஆனால் இரண்டு பிழைகளும் வாசகர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. அதே 1975-ல் ஏப்ரல் முட்டாள் தினத்துக்காக, நான்கு நிறம் போதாத வரைபடம் என்று ஒன்றை வெளியிட்டார். நான்கே நிறத்தில் தீட்டி அனுப்பியவர்களின் கடிதங்கள் குவிந்தன.

நம்மூர்ச் சரக்கில் இப்படி எட்டுகிற உயரம் உண்டா என்று யோசித்தபோது கணக்கதிகாரத்தின் பலாச்சுளைக் கணக்கு நினைவுக்கு வந்தது. காம்புக்கு அருகிலுள்ள சிறுமுள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, அதுதான் சுளை எண்ணிக்கை. தமிழனின் அதிசயம் என்று இதைப் பகிர்கிறவர்களைப் பார்க்கிறேன், அறுத்து எண்ணிப் பார்த்ததாகச் சொன்னவர்களைக் குறைவாகவே பார்க்கிறேன். நானே பகிர்ந்திருக்கிறேன், எண்ணாமல்.

போன வாரம் அதே வகுப்புக்கு ஒரு பலாப்பழத்தோடு போனேன். விதியைக் கரும்பலகையில் எழுதினேன், வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்புறம் அந்த 'அடுத்த ட்ரிக்' பையன்தான் கேட்டான்: "சார், காம்புக்குப் பக்கத்துலன்னா எத்தனை வரிசை வரைக்கும் எண்ணணும்?"

எனக்குத் தெரியாது என்றேன். கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு வரிசைக் கணக்கை நோட்டில் எழுதி வைத்தார்கள்.