பெட்டகம் மூடிக்கொண்ட கணம்

அமெரிக்க நாவலைப் பயில்வோர் நடப்பியல், இயற்பண்பியல் என்னும் இரு சொற்களைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கின்றனர். வாழ்வை உள்ளவாறு தீட்டுவது முன்னது. மரபும் சூழலும் மனிதனை ஆட்டிவைப்பதைக் காட்டுவது பின்னது. பாடநூல்கள் இவ்வளவே கூறும். தேர்வுக்கு இது போதும், நாவலுக்குப் போதாது. பணத்தின்முன் நிற்கும் இரு மனிதரை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

வில்லியம் டீன் ஹவெல்ஸ் 1885-இல் வெளியிட்ட நாவலின் தலைவன் சைலஸ் லாப்பம், வண்ணப்பூச்சு வணிகத்தில் பொருளீட்டி, பாஸ்டனில் மாளிகை எழுப்பத் தொடங்கியவன். தொழில் நொடிக்கும் வேளையில், மதிப்பிழக்கவிருக்கும் ஆலைச் சொத்தை அயலார் தலையில் கட்டினால் அவன் தப்பலாம். ஓரிரவு முழுதும் உறங்காது உலவி எண்ணுகிறான், மறுத்துவிடுகிறான். முடிவு அவனுடையது, வீழ்ச்சியும் அவனுடையதே. இது நடப்பியல்.

தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' 1900-இல் வெளிவந்தது. அதில் வரும் ஹர்ஸ்ட்வுட், சிகாகோவில் மதுக்கூடமொன்றின் மேலாளன். கேரி என்னும் இளம்பெண்மீது மோகம் கொண்டவன். ஓரிரவு பூட்டப்படாத பெட்டகத்தில் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருப்பதைக் காண்கிறான். எடுக்கிறான், வைக்கிறான், மீண்டும் எடுக்கிறான். பணம் கையில் இருக்கும்போதே பெட்டகம் தானே பூட்டிக்கொள்கிறது. திருடினானா? டிரைசர் விடை கூறவில்லை. அவ்விடத்தில் நாவலின் உயிர் துடிக்கிறது.

இதைத் தமிழ் வாசகர் ஊழ்வினை என்று கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொள்வது பொருந்தாதென்பது நம் கருத்து. ஊழுக்குப் பின்னால் முன்வினை உண்டு, கணக்கு உண்டு. டிரைசரின் உலகில் கணக்கென்பது வாரக்கூலியும் வாடகையுமே. 1889 ஆகஸ்டில், பதினெட்டு வயதில், நான்கு டாலருடன் சிகாகோவுக்கு இரயிலேறும் கேரி, காலணித் தொழிற்சாலையில் வாரம் நாலரை டாலர் பெறுகிறாள். உடன்பிறந்தவள் வீட்டில் உணவுக்கும் உறையுளுக்கும் நான்கு டாலர் தருகிறாள். எஞ்சுவது அரை டாலர். பிழைப்புத் தேடிப் பெருநகர் வந்த குடும்பங்களுக்கு இந்த அரை டாலரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அவளது பின்னைய நடத்தையைப் பழிக்குமுன் டிரைசர் இந்தக் கணக்கை நம்முன் வைக்கிறார்.

ஆயினும் ஹர்ஸ்ட்வுட் முற்றிலும் பொறுப்பற்றவனல்லன். பெட்டகம் மூடியது தற்செயல். அதன்பின், உன் துணைவன் காயமுற்றுக் கிடக்கிறான் என்று பொய் கூறிக் கேரியை இரயிலேற்றியது தற்செயலன்று. இயற்பண்பியலை விருப்புரிமை மறுப்பு என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் திறனாய்வாளர் இப்பொய்யைக் கவனிப்பதில்லை. பெரும்பணத்தைத் திருப்பி அனுப்பிய பிறகும் அவன் மீளவில்லை. நியூயார்க்கில் வேலையிழந்து, டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது கருங்காலியாக வண்டியோட்டி, இறுதியில் மலிவான விடுதியறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டு மடிகிறான்.

டிரைசரின் நடை கரடுமுரடானது. இடையிடையே அவர் செய்யும் தத்துவ விசாரம் அலுப்பூட்டும். இக்குறைகள் உண்மையே. ஆனால் அக்கால வாசகரை உறுத்தியது நடையன்று, கேரிக்குத் தண்டனை கிடைக்காததே. அவள் புகழ்பெற்ற நடிகையாகிறாள். பதிப்பகத்தாரே நாவலை மனமின்றி வெளியிட்டனர். ஆயிரத்துச் சொச்சம் படிகளில் பாதிகூட விற்கவில்லை. டிரைசரின் உடன்பிறந்தாள் ஒருத்தி, முதலாளியின் பணத்தைக் கையாடிய ஒருவனோடு ஊரைவிட்டுச் சென்றவள். கதையின் கரு அவள் வாழ்விலிருந்து வந்தது. தம் வீட்டுப் பெண்ணைத் தண்டித்து எழுத டிரைசருக்கு மனம் இடங்கொடுக்கவில்லை போலும்.