குறைந்ததை நிரப்புதலும் நிறைந்ததைத் தொடாமையும்

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்த வ்யாக்யானத்தில் பெரும்பகுதி காலப்போக்கில் லுப்தமாயிற்று. அக்குறையைத் தீர்க்கத் திருவுள்ளம் பற்றிய மணவாள மாமுனிகள், அத்திருமொழி முழுவதற்கும் தாமே புதிதாக உரையிட்டருளியிருக்கலாம். அதற்கு வேண்டிய ஜ்ஞானமும் அதிகாரமும் அவருக்குக் குறைவற இருந்தன. ஆயினும் இழந்த பகுதிக்கு மட்டுமே உரை அருளி, பிள்ளையின் ஸ்ரீஸூக்தி கிடைத்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். எது பிள்ளையின் வாக்கு, எது மாமுனிகளின் வாக்கு என்பதை இன்றும் கற்பவர் மயக்கமின்றி அறிகின்றனர்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதைத் தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் ப்ரமாணமாக மதிக்கும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாஸனமும் இந்நெறியையே வேறு மொழியில் கூறுகிறது. ஊகம் தொடங்குமிடத்தில் சீரமைப்பு நிற்கவேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசையவேண்டும், ஆனால் பழையதே என்று மயங்கும்படி இருத்தலாகாது. ஒவ்வொரு காலத்தாரும் செய்த நற்பணி மதிக்கப்படவேண்டும். மாமுனிகளின் செயலை அறிந்தவர்க்கு இவை அயலார் விதிகளாகத் தோன்றா.

எனினும் அச்சாஸனம் நம் திருக்கோயில்களுக்கு முழுதும் போதுமானதன்று. அது கட்டடத்தைக் கலைப்படைப்பாகவும் வரலாற்றுச் சான்றாகவும் காண்கிறது. ஸ்ரீவைஷ்ணவனுக்கோ அது அர்ச்சாவதார எம்பெருமான் நித்யவாஸம் செய்தருளும் இடம். சிதிலம் நேர்ந்தால் பாலாலயம் செய்து, ஜீர்ணோத்தாரணம் நடத்தி, ஸம்ப்ரோக்ஷணம் செய்வது ஆகமம் விதித்த முறை. திருவாராதனம் தடைப்படும் நாளைக் கல்லை மட்டும் நோக்குபவர் இழப்பாகக் கணக்கிடார், ஆகமம் கணக்கிடும். பண்பாட்டுச் சின்னங்களின் உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே மதிப்பிடவேண்டும் என்று 1994இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம் ஒப்புக்கொண்டது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இவ்விரு நோக்குகளும் இணைய முடியும் என்பதற்குத் திருவரங்கமே சான்று. அங்கு நடந்த திருப்பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றைப் பெற்றது. அரசும் தனியார் கொடையாளரும் சேர்ந்து நின்ற பணி அது. வழிபாடு நிகழும் பெருங்கோயிலில், மரபு வழிப்பட்ட தொழில்முறைகளோடு பாதுகாப்பு நெறியும் இயைந்து செல்லக்கூடும் என்பதை அது உலகோர் அறியக் காட்டிற்று.

ஆனால் எல்லாத் திருப்பணிகளும் அவ்வாறு நடைபெறுவதில்லை. காற்றின் அழுத்தத்தால் மணலை வீசிக் கற்களைத் துலக்கும் முறை பல கோயில்களில் கையாளப்பட்டது. அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் உதிர, எழுத்துகள் மழுங்கின. சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்டு ஏறியது. கொடையாளரின் பெயர்ப்பலகை பளபளக்க, முன்னோரின் சாஸனம் வெள்ளைப் பூச்சில் மறைந்த இடங்களும் உண்டு. இதற்கு வல்லுநரை மட்டும் குறைகூறுவது தகாது. எது செய்யத்தக்கது என்று முடிவு செய்யும் அறங்காவலர்க்கும் அறக்கட்டளைத் தலைவர்க்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

திருவரங்கத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல, ஒரு பாகவதர் எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்த திருவிளக்குக்கோ, திருநந்தவனத்துக்கோ, அமுதுபடிக்கோ ஸாக்ஷி. வைணவத் திருப்பதிகளின் இத்தகைய சாஸனங்கள் பல, அந்தத் தர்மம் ‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்று சொல்லி முடிகின்றன. கொடுத்தவர் தம் கைங்கர்யத்தின் காவலை அரசனிடம் மட்டும் விடவில்லை. பின்வரும் அடியார்களிடமும் ஒப்படைத்துச் சென்றார். அவ்வெழுத்தை அழிப்பவன், அறியாமலேனும், ஓர் அடியாருடைய கைங்கர்யத்தை அழிக்கிறான். பாகவதாபசாரம் பகவதபசாரத்தினும் கொடியது என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியருளிய முறைவைப்பு திருப்பணி செய்வோர் நெஞ்சில் நிற்கவேண்டும்.

ஆகவே திருப்பணிக்குத் தலைமை ஏற்பவர் இரண்டு தகுதிகளை வேண்டி நிற்கிறார். கல்லையும் சாந்தையும் அறிந்த வல்லுநர் ‘இதைத் தொடாதீர்’ என்னும்போது கேட்கும் பணிவு ஒன்று. அர்ச்சகரும் ஸ்தபதியும் ‘இது நின்றால் ஆராதனம் குன்றும்’ என்னும்போது அதை வல்லுநர்க்கு உணர்த்தும் உறுதி மற்றொன்று. சேஷத்வம் அறிந்தவர்க்கு இவை அரியன அல்ல. ஸம்ப்ரோக்ஷணம் முடிந்த மறுநாள், பழைய விளக்குக் கொடையாளரின் பெயரைச் சுவரில் வாசிக்க முடிந்தால், அத்திருப்பணி மாமுனிகள் காட்டிய வழியில் நடந்ததாகக் கொள்ளலாம்.